மறுபடியும் கல்லாகும் சுண்ணாம்பு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்ற மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 1870-71இல் கட்டப்பட்டது. 2014 நவம்பர் 29 அன்று மழையில் ஊறி இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாக எழுப்பினார்கள். அதே ஊரில், அதே உப்புக் காற்றில், அதே மழையில் அதைவிட எளிய வீடுகள் பல இன்னும் உறுதியாக நிற்கின்றன. வைசியாள் வீதியில் திண்ணையும் தெருத் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்புகளை இன்டாக் என்னும் மரபுக் காப்பு அமைப்பு வரிசையாகச் சீராக்கியது. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. ஒரு கட்டடம் விழவும் இன்னொன்று நிலைக்கவும் வயது மட்டுமே காரணமில்லை. சுவருக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இதைப் புரிந்துகொள்ளச் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லும் கடற்கரைக் கிளிஞ்சலும் வேதியியல்படி ஒன்றுதான்: கால்சியம் கார்பனேட். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், தூய்மையான 100 கிலோ கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு குழைத்துச் சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சத் தொடங்குகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் மீட்டு, மறுபடியும் கல்லாகிறது! மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி மெல்ல நகரும் மாற்றம் இது. தடித்த சுவர்களின் நடுப்பகுதி இறுகப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

இந்தப் பொறுமையால் இன்னொரு நன்மையும் உண்டு. சுவரில் மயிரிழை விரிசல் விழுந்தால், உள்ளே புகும் மழைநீர் இன்னும் இறுகாத சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொண்டு விரிசலுக்கு வருகிறது. நீர் வற்றும்போது அங்கேயே அது படிகமாகி இடைவெளியை அடைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த பூச்சு என்பதால், தரையிலிருந்து ஏறும் ஈரமும் ஆவியாகி வெளியேறிவிடும்.

நல்லெண்ணத்தோடு செய்யும் பழுது இங்கேதான் கேடாக முடிகிறது. பழைய சுவர் உதிர்கிறதே என்று அதன்மேல் சிமென்ட் பூசுகிறோம். சிமென்ட் பூச்சு அடர்த்தியானது. ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் சுவருக்குள் இன்னும் உயரமாக ஏறுகிறது. கடலோர ஊர்களில் அதோடு உப்பும் ஏறும். நீர் வற்றியதும் உப்பு செங்கல்லின் துளைகளுக்குள் படிகமாகி விரிந்து அழுத்த, செங்கல் உள்ளேயே பொடியாகிறது. வெளியே சிமென்ட் வழவழப்பாகவே இருக்கும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது.

கூரையிலும் இதே கதைதான். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய வகைத் தளத்தில் தேக்கு உத்திரங்கள்மேல் கட்டைகளை அடுக்கி, சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாகப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்குவார்கள். இத்தளத்தின் பலவீனமான இடம் உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி. மொட்டை மாடியின் தண்ணீர்க் குழாய் சருகால் அடைத்துக்கொண்டால், தேங்கும் நீர் அந்த முனையை நனைத்து மரத்தை மக்க வைக்கும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது.

எனவே பழைய கட்டடங்களைப் பொறுப்பேற்கும் எந்த ஊர் அமைப்புக்கும் பெருநிதியைவிட முதலில் தேவை ஒரு நாட்காட்டி. புரட்டாசிக்குள் மாடியைக் கூட்டி நீர்க்குழாய்களைத் திறந்துவிட வேண்டும். பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றை விரல் நீளத்திலேயே வேரோடு எடுக்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் வேர் சுவருக்குள் தடித்துக்கொண்டே போகும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. பொறியாளரை உடனே அழைக்க வேண்டும். உடையாவிட்டால் விரிசல் பழையது, பதற்றம் வேண்டாம். ஒவ்வொரு பழுதையும் படத்தோடு பதிவேட்டில் குறித்தால்தான் அடுத்து வரும் நிர்வாகிகளால் திட்டமிட முடியும்.

உங்கள் ஊரின் பழைய பள்ளிக்கோ நூலகத்துக்கோ சத்திரத்துக்கோ பழுது பார்க்கும் பேச்சு எழுந்தால், சிமென்ட் மூட்டை இறங்குவதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அத்தகையவர்கள் அருகிவருகிறார்கள். வேலை கொடுத்தால்தான் அந்தக் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குப் போகும், கட்டடமும் நிற்கும்.