வில்லுக்கு எந்தக் கண்?



ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். தோள் உயரத்தில் பிடித்த வில்லிலிருந்து ஓர் அம்பு கிடைமட்டமாகப் பாய்கிறது. அதே கணத்தில், அதே உயரத்திலிருந்து ஒரு கல்லைக் கைவிடுகிறோம். எது முதலில் தரையைத் தொடும்?

என் வகுப்பில் ஆண்டுதோறும் இதைக் கேட்பது வழக்கம். பெரும்பாலோர் "கல்" என்பார்கள். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் இரண்டும் ஒரே கணத்தில் தரையைத் தொடும் என்பதே சரியான விடை. அம்பு எவ்வளவு வேகமாக முன்னோக்கிச் சென்றாலும், வில்லை விட்ட கணத்திலிருந்து அது கல்லைப் போலவே கீழே விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த உண்மையைப் பாடமாகப் படித்து மறந்துவிடுவோர் உண்டு. ஆனால் அதை மறந்தால் ஓர் உயிர் வீணே துன்புறும் இடமும் உண்டு. அந்த இடத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வட அமெரிக்காவில், உரிமம் பெற்று, அரசு குறித்த பருவத்தில், வில்லால் மான் வேட்டையாடுவது இன்றும் வழக்கத்தில் உள்ளது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1934ஆம் ஆண்டிலேயே வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒன்றை ஒதுக்கியது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்கிறது. ஆகவே இக்கட்டுரை வேட்டைக்கு வழிகாட்டி அன்று. வில்லில் பொருத்தும் குறி பார்க்கும் கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்ற வினாவுக்குள் எவ்வளவு இயற்பியல் மறைந்திருக்கிறது என்று காண்பதே நம் நோக்கம். அக்கருவியை ஆங்கிலேயர் 'சைட்' என்பர். நாம் 'குறிநோக்கி' என்று அழைப்போம்.

கப்பி வில்

பழைய வில்லை இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும். முழுதும் இழுத்த நிலையில் கை நடுங்கும். நின்று நிதானமாகக் குறி பார்க்க இயலாது. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் வில்லின் இரு முனைகளிலும், மையம் விலகிய கப்பிகளைப் பொருத்தினார். 1966இல் விண்ணப்பித்த அவருக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. இவ்வகை வில்லில் நாணை முழுதும் இழுத்தபின் கை தாங்க வேண்டிய விசை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே வில்லாளி சில விநாடிகள் அசையாமல் குறி பார்க்க முடிகிறது. குறிநோக்கிக்கு உண்மையான மதிப்பு வந்தது இதன் பின்னரே எனலாம்.

குறிநோக்கியின் அமைப்பு எளியது. வில்லின் கைப்பிடிக்குச் சற்று முன்னால் ஒரு வளையம். அதனுள் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஊசிகள். நாணின் நடுவே, கண்ணுக்கு நேராக, ஒரு சிறு துளை. இரு புள்ளிகள் ஒரு கோட்டைத் தீர்மானிக்கும் என்று வடிவியலில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? துளை ஒரு புள்ளி. ஊசியின் நுனி மற்றொரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் கோடு இலக்கைத் தொட வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

வேட்டை அம்பின் வேகம் விநாடிக்கு 70 மீட்டர் என்று கொள்வோம். d மீட்டர் தூரம் செல்ல அது எடுத்துக்கொள்ளும் நேரம் d/70 விநாடி. அந்த நேரத்தில் விழும் தொலைவு ½gt². g-இன் மதிப்பு 9.8 என்று இட்டுப் பாருங்கள். 4.9 × d² ÷ 4900, அதாவது d²/1000 மீட்டர் என்று அழகாகச் சுருங்கிவிடுகிறது!

இனி மனக்கணக்குப் போதும். 10 மீட்டரில் அம்பு 10 செ.மீ. விழும். 20 மீட்டரில் 40 செ.மீ.; 30 மீட்டரில் 90 செ.மீ.; 40 மீட்டரில் 160 செ.மீ. தூரம் இரு மடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்காகிறது. 40 மீட்டரில் அம்பு ஓர் ஆள் உயரம் விழுந்துவிடுகிறது.

ஆகவே தூரத்துக்கு ஏற்ப அம்பைச் சற்று மேல்நோக்கி எய்ய வேண்டும். எவ்வளவு மேல்நோக்கி என்பதை ஊசி சொல்கிறது. மேல் ஊசி 20 மீட்டருக்கு, அடுத்தது 30க்கு, அதன் கீழ் உள்ளது 40க்கு. கண்ணிலிருந்து ஊசி வரை ஏறத்தாழ 80 செ.மீ. இருந்தால், அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே சுமார் 7 மி.மீ. இருக்கும். கீழ் ஊசியை இலக்கில் வைக்க வேண்டுமானால் வில்லை உயர்த்தியாக வேண்டும். அம்பின் முனையும் தானாக உயர்ந்துவிடும்.

இதிலிருந்து வேடிக்கையான ஒரு விதி பிறக்கிறது. பயிற்சியின்போது அம்பு இலக்குக்குக் கீழே தைத்தால், ஊசியைக் கீழேதான் இறக்க வேண்டும். இடப்புறம் தைத்தால் ஊசியையும் இடப்புறம் நகர்த்த வேண்டும். முதலில் கேட்பவர் "தலைகீழாக அல்லவா இருக்கிறது!" என்பார். ஒரு பென்சிலை வில்லாகக் கொண்டு செய்து பார்த்தால் விளங்கிவிடும்.

5 மீட்டர் பிழை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வெள்ளை வால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. குறுக்களவு உள்ள ஒரு வட்டம். அதன் நடுவைக் குறி வைத்தால், பிழைக்கு இடம் 10 முதல் 12 செ.மீ. மட்டுமே. அதற்குள் தைத்தால் விலங்கு விரைவில் இறந்துவிடும். அதற்கு வெளியே தைத்தால், காயத்துடன் காட்டுக்குள் ஓடி, பல மணி நேரமோ சில நாட்களோ துன்புறும். நேர்மையான வேட்டைக்காரர் எவரும் அஞ்சுவது இதற்குத்தான்.

வேட்டைக்காரர் மான் 20 மீட்டரில் நிற்பதாக எண்ணுகிறார். உண்மையில் அது 25 மீட்டரில் நிற்கிறது. கண் அம்பைவிட 10 செ.மீ. உயரத்தில் இருப்பதையும் கணக்கில் சேர்த்தால், அம்பு 10 செ.மீ. கீழே தைக்கும். வட்டத்தின் விளிம்பு, தப்பித்தார். அதே 5 மீட்டர் பிழையை 40 மீட்டரில் செய்கிறார் என்று கொள்ளுங்கள். 45 மீட்டரில் நிற்கும் மானை 40 மீட்டர் ஊசியால் குறி பார்த்தால், அம்பு 21 செ.மீ. கீழே போகும். பிழை அதேதான், விளைவு இரு மடங்கு.

போட்டி வில்லாளிக்கு இந்தக் கவலை இல்லை. ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டரில் உள்ளது என்பது உலகுக்கே தெரியும். கப்பி வில் போட்டிகளில் அது 50 மீட்டர். வேட்டைக்காரருக்குத் தூரத்தைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் பலர் லேசர் தூரமானியைக் கொண்டு செல்கின்றனர். ஒளித்துடிப்பு 40 மீட்டர் சென்று திரும்ப ஒரு விநாடியின் கோடியில் மூன்று பங்குக்கும் குறைவான நேரமே ஆகும். அதை அளந்து தூரத்தைச் சொல்லிவிடுகிறது அக்கருவி.

ஒரு ஊசியா, பல ஊசிகளா?

இனித் தேர்வுக்கு வருவோம். பல ஊசிகள் கொண்ட குறிநோக்கியில் எதையும் திருக வேண்டியதில்லை. தூரத்துக்கு உரிய ஊசியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நெஞ்சு படபடக்கும் நேரத்தில் தவறான ஊசியை இலக்கில் வைத்துவிடும் ஆபத்து உண்டு. ஒற்றை ஊசிக் குறிநோக்கியில் அந்தக் குழப்பம் இல்லை. பார்வையும் தெளிவாக இருக்கும். ஆனால் தூரம் மாறும்போதெல்லாம் சக்கரத்தைத் திருக வேண்டும். அந்தக் கையசைவே மானை விரட்டிவிடக் கூடும்.

கணக்கு என்ன சொல்கிறது? ஒற்றை ஊசியை 20 மீட்டருக்கு நிறுத்தி, திருகாமலே எய்வதாகக் கொள்வோம். 10 மீட்டரிலும் 15 மீட்டரிலும் அம்பு 5 செ.மீ. மேலே தைக்கும், 25 மீட்டரில் 10 செ.மீ. கீழே. அனைத்தும் வட்டத்துக்குள்! எனவே அடர்ந்த காட்டில் மரத்தின் மேல் அமர்ந்து 25 மீட்டருக்குள் மட்டும் எய்பவருக்கு ஒரே ஊசி போதும். மேற்கு மாநிலங்களின் திறந்த மலைச் சரிவுகளில் எல்க் என்னும் பெரிய மானைத் தேடுபவருக்குப் பல ஊசிகளும் தூரமானியும் வேண்டும்.

ஊசியின் தடிமனும் கவனிக்கத்தக்கது. அரை மி.மீ. தடிமனுள்ள ஊசி 40 மீட்டரில் 2.5 செ.மீ. அகலத்தை மறைக்கும், ஒரு மி.மீ. ஊசி 5 செ.மீ. மறைக்கும். ஒத்த முக்கோணங்களால் இதைச் சரிபார்க்கலாம். மெல்லிய ஊசி நுட்பமானது. ஆனால் மங்கிய ஒளியில் கண்ணுக்குப் படாது. மான்களோ விடியலிலும் அந்தியிலுமே மிகுதியாக நடமாடுகின்றன. இதற்காக, ஒளிரும் சாயம் கலந்த பிளாஸ்டிக் இழைகளை ஊசியில் பொருத்துகின்றனர். இழை தன் நீளம் முழுவதும் ஒளியைப் பெற்று, முழு அகப் பிரதிபலிப்பால் நுனிக்குக் கொண்டு வருகிறது. சிலவற்றில் டிரிட்டியம் வாயு அடைத்த நுண்குழல் இருக்கும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், ஆகவே இன்று வாங்கிய ஊசி 12 ஆண்டுகளில் பாதி ஒளியே தரும். மின்விளக்கு பொருத்தியவையும் உண்டு. ஆனால் வில்லில் மின்கருவி கூடாது என்று விதித்த மாநிலங்களும் இருப்பதால், வாங்குமுன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரிவும் சாய்வும்

மலைச் சரிவில் 30 பாகைக் கோணத்தில் கீழே, 40 மீட்டர் தூரத்தில் மான் நிற்கிறது. 40 மீட்டர் ஊசியைப் பயன்படுத்தலாமா? கூடாது. பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாகச் செயல்படும் புவியீர்ப்பின் கூறு g cos 30° மட்டுமே. எனவே அம்பு குறைவாகவே விலகும்; 40 மீட்டர் ஊசியில் எய்தால் 21 செ.மீ. மேலே போய்விடும். கிடைமட்டத் தூரமான 40 × cos 30°, அதாவது ஏறத்தாழ 35 மீட்டர் என்றே கொள்ள வேண்டும். மேல்நோக்கி எய்தாலும் இதே விதிதான்.

வில் பக்கவாட்டில் சாய்ந்தாலும் கேடுதான். 5 பாகை சாய்ந்தால், உயர்த்திய அளவின் ஒரு பகுதி பக்கத்துக்குத் திரும்பிவிடும். 40 மீட்டரில் 160 × sin 5°, அதாவது 14 செ.மீ. விலகல். சரிவில் நிற்பவருக்கு வில் சாய்ந்திருப்பதே தெரியாது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் போன்ற ஒரு சிறு குமிழ்க்குழாய் குறிநோக்கியில் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். விலை மலிவான இந்தக் குழாய் இல்லாத குறிநோக்கியைத் தேர்ந்தெடுக்கலாகாது.

குறிநோக்கியால் ஆகாதது

எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தூரம் சரி, ஊசி சரி, குமிழ் நடுவில் நிற்கிறது. 40 மீட்டரில் மான். நாண் விடுபடும் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் சென்று 0.12 விநாடியில் மானின் காதை அடைகிறது. அம்பு சேர்வதோ 0.57 விநாடியில். இடையே 0.45 விநாடி இருக்கிறது. திடுக்கிட்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழ்கிறது. சரியாக எய்த அம்பு தவறான இடத்தில் தைக்கிறது. 20 மீட்டரில் இந்த இடைவெளி 0.23 விநாடிதான்.

இந்தக் குறையை எந்தக் கடையில் வாங்கும் குறிநோக்கியும் போக்காது. அதைப் போக்கும் வழி ஒன்றே: எய்யாமல் இருப்பது. நான்காவது, ஐந்தாவது ஊசிகள் இருப்பதாலேயே அத்தனை தூரத்துக்கும் எய்யலாம் என்று பொருளாகாது. ஊசி, அம்பு போய்ச் சேரும் இடத்தைக் காட்டும். எய்யலாமா என்பதை மனிதனே முடிவு செய்ய வேண்டும்.

முடிப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு கணக்கு. அம்பின் வேகம் விநாடிக்கு 99 மீட்டர் என்று கொள்ளுங்கள். 45 மீட்டரில் உள்ள இலக்கை 40 மீட்டர் என்று தவறாக எண்ணி எய்தால், அம்பு எத்தனை செ.மீ. கீழே தைக்கும்? கண் 10 செ.மீ. உயரத்தில் இருப்பதை மறவாதீர்கள். உங்கள் விடை 10 செ.மீ.க்கு அருகில் வந்தால் சரி. வேகம் கூடினால் பிழை குறையும்; ஆனால் மறைந்துவிடாது என்பதையும் அப்போது நீங்களே காண்பீர்கள்.