தேர்த் திருப்பமும் பொம்மை லாரியும்

மாணவச் செல்வங்களே, சித்திரைத் திருவிழாவில் மதுரை மாசி வீதிகளில் தேர் திரும்பும் காட்சியை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். வடம் பிடிப்போர் பல்லாயிரவர். திருப்புவோரோ சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்கும் சிலரே. தேரின் அச்சு, மோட்டார் வண்டியின் முன்சக்கரம்போல் இருபுறமும் வளைவதன்று. ஆதலின் உருளும் சக்கரத்தின்முன் கட்டையைச் சாய்த்திட்டுச் சிறிது சிறிதாகத் திசை மாற்றுகின்றனர். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்த பின்னரும், திருப்பும் பணி முட்டுக்கட்டையிடமே உள்ளது.

இழுக்கும் வலிமை வேறு. திருப்பும் நுட்பம் வேறு. இவ்வுண்மையை எனக்கு மீண்டும் கற்பித்தது என் பேரனின் பொம்மை லாரி.

வானொலி அலையால் இயங்கும் அந்த லாரி நேரே ஓடாமல் அலைந்தது. வலிமை குறைவே காரணம் என்று அவன் கருதினான். ஆராயாமல் நானும் பணம் கொடுத்தேன். பெரிய மோட்டார் ஒன்றை அவன் பொருத்தினான். மறுநாள் கண்மாய்க் கரையில் சக்கரம் கல்லில் இடித்தது, திருப்புங்கை முறிந்தது, கட்டுக்கடங்காத லாரி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் காலில் மோதிக் குருதி வரச் செய்தது. காயத்தைத் துடைத்துக்கொண்டே அவர், "மாட்டை ஓட்டுமுன் மூக்கணாங்கயிற்றைப் பார்க்க வேண்டாமா, வாத்தியார் ஐயா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

அன்று மாலை திண்ணையில் லாரியைப் பிரித்தோம். அதன் அமைப்பைக் கேளுங்கள். நம் கைக்கருவியின் ஆணை, லாரியிலுள்ள சர்வோ என்னும் சிறு மோட்டாரை மின்துடிப்புகளாக அடைகிறது. பொதுவாக விநாடிக்கு 50 துடிப்புகள். ஒரு துடிப்பு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீடித்தால் சக்கரம் நேரே நிற்கும். ஒரு பங்காகக் குறைந்தால் ஒருபுறமும், இரு பங்காக நீண்டால் மறுபுறமும் திரும்பும். சர்வோவின் கை ஒரு கம்பியைத் தள்ள, கம்பி சக்கரத்தைத் தாங்கும் திருப்புங்கையைத் தள்ளுகிறது. மூட்டுகள்தோறும் ஒரு சிறு குண்டு, கிண்ணத்துள் அமர்ந்து சுழல்கிறது.

பழுதைக் காண ஒரு வழி உண்டு. மின்சாரம் இருக்கும்போது சர்வோ தன் கையை இறுகப் பற்றி நிற்கும். அந்நிலையில் முன்சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்த்தோம். ஒரு மூட்டிலே கிண்ணம் தேய்ந்து ஆட்டம் கொடுத்தது. அலைச்சலுக்குக் காரணம் அதுவே. அதை மாற்றியிருந்தாலே போதும்!

கை முறிந்ததேன்? பழைய சர்வோவின் திருப்புவிசை 3 கிலோ-சென்டிமீட்டர். புதியதன் விசை 15. அதாவது அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் 15 கிலோ எடையையும், 3 செ.மீ. தொலைவில் 5 கிலோ எடையையும் அது தாங்கும். முன்பு சர்வோவின் கையில் ஒரு சுருள்வில் இருந்தது. சக்கரம் இடிபட்டால் வில் சற்றே நெகிழ்ந்து அதிர்ச்சியை ஏற்கும். புதிய சர்வோவைப் பொருத்துகையில் பேரன் வில்லை நீக்கிவிட்டான். சர்வோ விட்டுக்கொடுக்கவில்லை, வில்லும் இல்லை, மெலிந்த பிளாஸ்டிக் கை முறிந்தது. ஓர் உறுப்பை மட்டும் வலுப்படுத்தினால், பளு அடுத்த மெலிந்த உறுப்பின்மேல் விழும் என்பது பொறியியல் நெறி.

எனவே கிண்ணங்களைப் புதுப்பித்தோம். உலோகத் திருப்புங்கைகளைப் பூட்டினோம். வலிய சுருள்வில்லை மீண்டும் அமைத்தோம். சக்கரம் எல்லையை முட்டிய பின்னும் சர்வோ தள்ளிக்கொண்டேயிருந்தால் சூடேறிக் கருகும்; ஆதலின் கைக்கருவியில் அதன் வீச்சையும் அளவுபடுத்தினோம்.

ஒன்று எஞ்சியது. வளைவில் உட்சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரு வட்டத்திலும் செல்கின்றன அன்றோ? லாரியின் முன்பின் அச்சுகளின் இடைவெளி 30 செ.மீ.; சக்கரங்களின் இடைவெளி 24 செ.மீ. பின்னச்சின் நடுப்புள்ளி 90 செ.மீ. ஆரத்தில் திரும்ப வேண்டுமாயின், உட்சக்கரம் ஏறத்தாழ 21 பாகையும் வெளிச்சக்கரம் 16 பாகையும் சாய வேண்டும். இவ்வமைப்பை 1817இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து லாங்கன்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காக வகுத்தார். 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆக்கர்மனின் பெயரே அதற்கு நிலைத்தது. திருப்புங்கைகளைச் சற்று உட்புறம் சாய்த்து அமைப்பதே இதன் உட்பொருள்.

மறுவாரம் லாரி கோடிட்டாற்போல் ஓடியது. பேரன் முதலில் அந்த முதியவரிடம் சென்று, மன்னிப்புக் கேட்டு, லாரியை ஓட்டிக் காட்டினான். அவர் சிரித்தார்.

மாணவர்களே, கருவி பழுதுற்றால் கடைக்கு ஓடுமுன் ஆட்டம் எங்கே என்று தேடுங்கள். மூக்கணாங்கயிற்றைப் பார்த்த பின்னரே மாட்டை ஓட்டுங்கள்.