கொழுஞ்சி: ஒருபோக நெல்வயலின் கோடைச் செடி - சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து

முன்னுரை

தென்சீனத்திலும் ஜப்பானிலும் நெல் அறுவடைக்குப் பின்வரும் குளிர்காலத்தில் அஸ்ட்ராகலஸ் சினிகஸ் என்னும் அவரைக் குடும்பச் செடியை வயலில் வளர்த்து, அடுத்த நடவுக்கு முன் மடக்கி உழுவது நெடுநாளைய வழக்கம். இந்தியாவில் அஸ்ட்ராகலஸ் பேரினம் பெரும்பாலும் இமயமலைப் பகுதியைச் சார்ந்தது. தமிழகச் சமவெளியில் நெல்லுக்கு அத்தகைய பணியைக் கோடையில் ஆற்றிய செடிகளுள் ஒன்று கொழுஞ்சி. பெந்தாமின் பழைய வகைப்பாட்டில் இவ்விரு பேரினங்களும் கலேகியே என்னும் ஒரே பிரிவில் இருந்தன. இன்றைய வகைப்பாடு அவற்றைப் பிரித்துவிட்டது. வயலில் அவை ஆற்றும் பணியின் ஒப்புமை மட்டும் நீடிக்கிறது. ஏரிப்பாசன நிலங்களாக விளங்கிய ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதியை முன்வைத்து அப்பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் அடையாளமும்

கொழுஞ்சியின் அறிவியல் பெயர் டெஃப்ரோசியா பர்பூரியா. லின்னேயஸ் 1753இல் கிராக்கா பர்பூரியா எனப் பெயரிட்டதைப் பெர்சூன் 1807இல் இப்பேரினத்திற்கு மாற்றினார். ‘டெஃப்ரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் சாம்பல் நிறத்தைக் குறிக்கும்; இலையின் நுண்மயிர் தரும் வெளிர்தோற்றமே இதற்குக் காரணம். சித்த மருத்துவத்தில் இது கொள்ளுக்காய்வேளை. இப்பெயரிலுள்ள ‘வேளை’ என்னும் சொல்லைக் கொண்டு இதனை நல்வேளையோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது வேறு குடும்பத்துச் செடி.

களத்தில் ஐயமற அறிய ஓர் எளிய வழி உண்டு. சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது குறுக்கே நேராகக் கிழியாது. இணையான பக்க நரம்புகளின் வழியே கவை வடிவில் பிளக்கும். அம்பின் அடியிறகைக் குறிக்கும் ‘சரபுங்கம்’ என்ற வடமொழிப் பெயர் இப்பிளவைக் கண்டே அமைந்ததாகக் கருதப்படுகிறது.

வயலில் கொழுஞ்சி

இதன் இயல்புகள் தனித்தனியே நோக்கின் குறைகளாகவே தோன்றும். வளர்ச்சி மெதுவானது. பசுந்தாள் விளைச்சலும் எக்டருக்கு 3 முதல் 4 டன் அளவினதே; தக்கைப்பூண்டு இதைவிடப் பன்மடங்கு தரும். கால்நடைகள் இதனை விரும்பி மேய்வதில்லை. விதையுறை கடினமானது, நீர் எளிதில் உட்புகாது.

ஒருபோகச் சம்பா நிலத்தில் இவையே நன்மைகளாகின்றன. தை அறுவடை முடிந்தபின் ஏரியில் நீர் குறையும். வயலில் எஞ்சிய ஈரமே மிச்சம். தக்கைப்பூண்டுக்குத் தேவையான நீர் அப்போது இல்லை. கொழுஞ்சி வறட்சியைத் தாங்கும். தரிசில் மாடுகள் திரியும் பருவத்திலும் அது தப்பி நிற்கிறது. முற்றிய காய்களிலிருந்து தெறிக்கும் விதைகளுள் பல உடனே முளைக்காமல் மண்ணில் தங்கி, மறு கோடையில் தாமே முளைக்கின்றன. எனவே ஆண்டுதோறும் விதைக்கும் செலவு குறைகிறது. வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துவதை இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

இலகுவான மண்ணே இதற்கு ஏற்றது. முதன்முறை விதைப்போர் எக்டருக்கு 15 முதல் 20 கிலோ விதையை, மணலுடன் சேர்த்துத் தேய்த்து உறையைச் சிராய்த்த பின் தூவ வேண்டும். இதைத் தவிர்த்தால் முளைப்பு சீராக அமையாது.

மருந்தும் நஞ்சும்

கல்லீரல், மண்ணீரல் நோய்களுக்குச் சித்த மருத்துவம் இதனைப் பயன்படுத்துகிறது. இதே செடியில் டெஃப்ரோசின், டெகுவலின் போன்ற ரோட்டினாய்டுகளும் உள்ளன. இவை மீனுக்கும் பூச்சிக்கும் நஞ்சு. ‘மூலிகை, ஆகவே தீங்கற்றது’ என்னும் பரவலான கூற்று இங்குப் பொருந்தாது.

புறநகரில் எஞ்சியிருப்பது

அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை அமைந்தது. செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. வயல்கள் மனைகளாயின. ஆயினும் கொழுஞ்சி மறையவில்லை. வெற்று மனைகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் முளைக்கிறது. மறைந்தது அதனை மடக்கி உழும் பருவமே. கடைக்கால் தோண்டும்வரை ஒரு மனை அதற்குத் தரிசுநிலம்தான்.

இச்செடிகளை மருந்துக்குப் பறிப்பது தக்கதன்று; கட்டட இடிபாடும் கழிவுநீரும் கலந்த மண்ணில் வளர்ந்தவற்றை உலோகச் சோதனையின்றி ஏற்க இயலாது. விதைக்கு அத்தடை இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் நெல் எஞ்சியுள்ள ஒருபோக நிலங்களுக்கு இம்மனைகளே விதை மூலமாகலாம். காய் பழுப்பேறியதும், வெடிக்கும் முன், காலையில் பறித்து நிழலில் துணியால் மூடி உலர்த்தினால் விதை சிதறாது.