தடுப்பு மருந்தின் குளிர்ச் சங்கிலியில் பழுது காணுதல்

தடுப்பு மருந்து உற்பத்திச் சாலையினின்று புறப்பட்டுச் சிற்றூர்க் குழந்தையைச் சென்றடையும் வரையில் வழியெங்கும் குளிர்ந்த நிலையிலேயே இருத்தல் வேண்டும். சுகாதார நிலையங்களில் அதற்கு விதிக்கப்பட்ட வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு ஆகும். மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம் எனப் பல கைகள் மாறிச் செல்லும் இவ்வழியே குளிர்ச் சங்கிலி எனப்படுகிறது. இதனை மதிப்பிட உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2010ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தன. வெப்பநிலை, கொள்ளளவு, பராமரிப்பு, இருப்புக் கணக்கு முதலிய ஒன்பது அளவைகள் அதில் அடங்கும். ஒவ்வொன்றிலும் 80 விழுக்காடேனும் பெறுதல் வேண்டும் என்பது அதன் விதி. ஓர் அளவையில் 95, மற்றொன்றில் 40 என இருப்பின் சராசரியைக் காட்டித் தப்ப இயலாது.

வெப்பத்தால் மருந்து கெடும் என்பதைப் பலரும் அறிவர். உறைவதாலும் கெடும் என்பதே மறக்கப்படுகிறது. மஞ்சட்காமாலை-பி, ஐந்நோய்த் தடுப்பு ஆகிய மருந்துகளில் அலுமினிய உப்பு கலந்துள்ளது. மருந்து உறையுங்கால் அவ்வுப்பின் நுண்துகள்கள் திரண்டுவிடும்; உருகிய பின்னரும் பழைய நிலைக்கு மீளா. குப்பியின் மேலுள்ள வெப்பங்காட்டி வெம்மையை மட்டுமே காட்டும், உறைவைக் காட்டாது. ஆகவே காட்டியின் சதுரம் வெளுப்பாக இருப்பதொன்றையே நம்பி, வீரியமிழந்த மருந்தைக் குழந்தைக்குச் செலுத்த நேரிடலாம். ஐயத்திற்குரிய குப்பியைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதே தொகுதியைச் சேர்ந்த வேறொரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, உருக்கி, இரண்டையும் குலுக்கி அருகருகே வைத்தல் வேண்டும். ஐயக் குப்பியிலும் வண்டல் அதே வேகத்தில் படியுமாயின் அது உறைந்துபோன மருந்தே.

இத்தீங்கு நேரக்கூடிய இடங்கள் முக்கியமாக இரண்டு. ஐ.எல்.ஆர். என வழங்கும் குளிர்பெட்டியில் குளிர்ந்த காற்று கனமாகையால் அடியில் தங்கும். எனவே உறையக்கூடிய மருந்துகளைக் கூடையிலன்றி அடித்தளத்தில் வைத்தலாகாது. மற்றொன்று, மருந்தைக் கிராமத்திற்கு எடுத்துச் செல்லும் பெட்டி. உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பொதியை அப்படியே அதில் வைப்பது தவறு. பொதியைக் குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஒலி கேட்கும் வரையில் வெளியே வைத்திருத்தல் வேண்டும். முகாமுக்குப் புறப்படும் அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இச்சில நிமிடங்களே.

தேவைப் பட்டியலில் நேரும் பிழையும் கவனிக்கத்தக்கது. 100 டோஸ் செலுத்த வேண்டும், 25 விழுக்காடு வீணாகும் எனக் கொள்வோம். 125 டோஸ் கேட்டால் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆயின் 125-இல் கால்பங்கு கழிந்தால் மிஞ்சுவது 94-க்கும் குறைவே. ஏழு குழந்தைகள் வெறுங்கையுடன் திரும்புவர். 100-ஐ 75-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி, ஏறக்குறைய 134 எனக் கேட்பதே சரி. ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டத்தக்க கணக்கு இது.

வீணாகும் அளவைக் குறைத்தலே திறமை என்று கொள்வதும் பொருந்தாது. தட்டம்மைத் தடுப்பு மருந்தைக் கரைத்தபின் நான்கு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிஞ்சியது எறியப்பட வேண்டியதே. ஒரு குழந்தை மட்டும் வந்த நாளில் பல டோஸ் அடங்கிய குப்பியைத் திறத்தல் செலவுதான். எனினும் அதற்கஞ்சிக் குழந்தையைத் திருப்பியனுப்பிய நிலையம் ஏட்டில் நல்ல எண்ணிக்கையைக் காட்டும், நோய்த்தடுப்பில் தோற்றிருக்கும். மதிப்பிடுவோர் வீணான அளவுடன் திருப்பியனுப்பப்பட்டோர் எண்ணிக்கையையும் கேட்டறிதல் வேண்டும்.

2015ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் இ-வின் என்னும் ஏற்பாட்டின்கீழ் இருப்பும் வெப்பநிலையும் கைப்பேசி வழியாகப் பதிவாகின்றன. இதனால் எந்நிலையத்தில் மருந்து தீர்கிறது, எங்கே தேங்குகிறது என்பது மாவட்டத்தில் அன்றே தெரியவரும். பதிவு மெய்யா என்பதை அறியக் குளிர்பெட்டியைத் திறந்து குப்பிகளை எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை. எண்ணிக்கை ஒவ்வாதாயின், எந்த நாளின் வரவில் அல்லது வழங்கலில் வேறுபாடு தொடங்கிற்று என்பதை ஏட்டில் பின்னோக்கிப் பார்த்துக் கண்டறிதல் வேண்டும்.