கைப்பேசியும் மனத்திண்மையும்

மும்பையின் அணுசக்தி நகரில் அணுத்துறை ஊழியர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அங்கு வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், வீதியில் இந்தியும் மராத்தியும், கல்லூரியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். தேர்வில் தவறிய மாணவன் ஒருவன் தன் வேதனையை எம்மொழியில், யாரிடம் சொல்லுவான்? பெற்றோர் மனம் நோகுமே, நண்பர் நகைப்பரே என அஞ்சி வாய்மூடி இருந்துவிடுகிறான். அவனுக்கு அவன் கையிலுள்ள கைப்பேசி எவ்வாறு உதவும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மனத்திண்மை என்பது துன்பமே அறியாதிருத்தல் அன்று. காற்றில் வளைந்த மூங்கில் மீண்டும் நிமிர்வது போன்றது. அது பயிற்சியாலும் வரும். 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்த முறை இதற்கு அடிப்படை. ‘ஒரு தாளில் தவறினேன்’ என்பது நிகழ்ச்சி. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பது எண்ணம். இரண்டையும் தனித்தனியே எழுதி நோக்கின், முன்னதற்குச் சான்று உண்டு, பின்னதற்கு இல்லை என்பது புலனாகும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001-இல் ‘மூட்ஜிம்’ என்னும் பெயரில் இத்தகைய பயிற்சியை இணையவழி வழங்கியது.

எனினும் கருவிக்கு எல்லை உண்டு. 1966-இல் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்னும் கணினி நிரலைப் பற்றி எழுதினார். நாம் தட்டெழுதும் சொற்களையே அது கேள்விகளாகத் திருப்பித் தந்தது. அது தம்மைப் புரிந்துகொண்டதாகவே பலர் நம்பினர். அந்த மயக்கத்தைக் கண்டு எச்சரித்தவர் அதனை ஆக்கிய அவரேயாவார். வாடிய முகத்தைக் கண்டு உடன் விரைந்து வர இயந்திரத்தால் இயலாது.

ஆதலின் மனிதரிடம் கொண்டு சேர்க்கும் கருவியே சிறந்தது. அணுசக்தி நகருக்கு அருகே, தேவ்னாரிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2012-இல் தொலைபேசி வாயிலாகவும் மின்னஞ்சல் வாயிலாகவும் ஆலோசனை கூறும் ‘ஐகால்’ பணியைத் தொடங்கியது. 2022 அக்டோபர் 10-இல் மைய அரசு ‘டெலி மானஸ்’ பணியைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழையே தெரிந்தெடுத்துப் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் செவிமடுப்பார். தேவையாயின் மனநல வல்லுநரிடம் சேர்ப்பிப்பார்.

பெற்றோர்களே, இவ்வெண்ணை வீட்டில் அனைவரும் காணுமிடத்தில் எழுதி வையுங்கள். ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எண்ணாதீர்கள்; தனியே விடாது உடனிருந்து உதவி தேடுங்கள். மதிப்பெண்ணைக் கேட்குமுன் அவன் மனநிலையைத் தமிழில் கேளுங்கள். வீட்டில் பேசப் பழகியவனுக்கு வெளியே உதவி கேட்பதும் எளிதாகும்.