விமான டிக்கெட்டின் அடக்க விலை என்ன?

வணிகம் செய்பவருக்குப் பயணம் தவிர்க்க முடியாதது. சீரகம் பார்க்க உஞ்சா போக வேண்டும் என்றால் அகமதாபாத்தில் இறங்க வேண்டும். உலர்பழங்களுக்குத் தில்லி காரி பாவ்லி, மொத்தச் சரக்கு பேச மும்பை வாஷி. முன்பு இரண்டு இரவு ரயிலில் போய் வந்தவர்கள் இன்று கடையை ஒரு நாள் மட்டும் விட்டுவிட்டு விமானத்தில் போய்த் திரும்புகிறார்கள். டிக்கெட்டையும் கைபேசியிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் டிக்கெட் எடுத்த பலரிடமும் ஒரே குறை உண்டு. முதலில் திரையில் தெரிந்த தொகை ஒன்று, கடைசியில் கட்டிய தொகை வேறொன்று. நடுவில் இருக்கைக்குக் காசு, பைக்குக் காசு, காப்பீடு, வசதிக் கட்டணம் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். இது ஏன் இப்படி நடக்கிறது, நாம் எப்படிக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

ஒரே விமானம், பல விலை

பருப்பு மூட்டை இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். விமானம் கிளம்பிய பிறகு காலியாகப் போன இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. அந்த வகையில் அது கீரைக்கட்டு போன்ற சரக்கு. ஆனால் கீரை மாலையில் விலை இறங்கும். விமான இருக்கை கடைசி நேரத்தில் பெரும்பாலும் ஏறும். காரணம், கடைசியில் வாங்க வருபவர் அவசரக்காரர். சாவு வீட்டுக்கோ, மருத்துவமனைக்கோ, உடனே முடிக்க வேண்டிய வியாபாரத்துக்கோ போகிறவர் விலை பார்க்க மாட்டார். அவருக்காகச் சில இருக்கைகளை உயர்ந்த விலையில் நிறுத்தி வைக்கிறார்கள்.

இந்த முறை அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே 1978-ல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. 1981-ல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் மலிவுக் கட்டணத்தால் பயணிகளை இழுத்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-ல் இதற்குப் பதிலடி கொடுத்தது. முன்கூட்டியே வாங்குவோருக்குக் குறிப்பிட்ட அளவு இருக்கைகளை மட்டும் மிக மலிவாக விட்டு, மீதியைப் பழைய விலைக்கே வைத்துக்கொண்டது. எந்த விலைக்கு எத்தனை இருக்கை என்பதைக் கணிப்பொறி நாள்தோறும் கணக்கிட்டது. 1987-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து பெயரே இல்லாமல் போயிற்று.

நம் நாட்டில் 1953-ம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் 1994-ல் நீக்கப்பட்ட பின் தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2003-ல் ஏர் டெக்கான் மலிவுக் கட்டண விமானத்தைத் தொடங்கியது. விலை அடுக்கு முறையும் உடன் பரவியது.

180 இருக்கை உள்ள விமானம் என்றால், அவற்றைப் பல அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைக்கிறார்கள். கீழ் அடுக்கு தீர்ந்தால் அடுத்த அடுக்கு திறக்கும். காலையில் பார்த்த விலை மதியம் இல்லையே என்று நாம் சலித்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நான்கு பேருக்குச் சேர்த்துக் கேட்டால்

இதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. நான்கு டிக்கெட் ஒரே தடவையில் கேட்கிறீர்கள். 4,000 ரூபாய் அடுக்கில் இரண்டு இருக்கைதான் மீதம். அடுத்த அடுக்கு 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே விலையில் கிடைக்கும் அடுக்கையே கணிப்பொறி பொதுவாகக் காட்டும். ஆக நான்குக்கும் 5,500 வீதம் 22,000 ரூபாய். அதையே இரண்டிரண்டாக எடுத்தால் 8,000-மும் 11,000-மும் சேர்ந்து 19,000 ரூபாய். 3,000 ரூபாய் மிச்சம்.

எனவே கூட்டமாகப் போகும்போது முதலில் ஒரு டிக்கெட்டுக்கு விலை பார்க்க வேண்டும். பிறகு இரண்டு, நான்கு என்று பார்த்தால் அடுக்கு எங்கே மாறுகிறது என்பது புரிந்துவிடும். பிரித்து எடுத்தால் பிஎன்ஆர் எண் இரண்டாகிவிடும், விமானம் மாறினாலோ ரத்தானாலோ இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. குழந்தையுடன் போகிறவர்கள் பிரிக்க வேண்டாம். ஒரே பிஎன்ஆரில் உள்ள 12 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் அல்லது காப்பாளர் பக்கத்தில் இருக்கை தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டுள்ளது.

கட்டண வகையும் அடக்கமும்

ஒரே இருக்கையை இரண்டு மூன்று பெயரில் விற்கிறார்கள். மலிவான வகையில் கைப்பை மட்டும் கொண்டுபோகலாம் என்று இருக்கலாம். நடு வகையில் 15 கிலோ பை சேர்ந்திருக்கும். உயர்ந்த வகையில் இருக்கையும் தேதி மாற்றும் சலுகையும் சேர்ந்திருக்கும்.

சரக்கு வாங்கும்போது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்துத்தான் அடக்கம் போடுகிறோம். டிக்கெட்டுக்கும் அப்படியே போட வேண்டும். உதாரணமாக, மலிவு வகை 4,400 ரூபாய். அதில் பைக்கு 1,200, இருக்கைக்கு 350, வசதிக் கட்டணம் 350 சேர்ந்தால் அடக்கம் 6,300 ரூபாய். பையும் இருக்கையும் சேர்ந்த வகை 5,600 ரூபாய். வசதிக் கட்டணத்துடன் 5,950 ரூபாய். முதல் திரையில் 1,200 ரூபாய் அதிகமாகத் தெரிந்ததே கடைசியில் 350 ரூபாய் குறைவு. கைப்பையோடு போய் அன்றே திரும்புகிறவருக்கோ முதல் வகைதான் லாபம்.

மாதிரிச் சரக்கு கொண்டுவருவோர் எடையை முன்பே கணக்கிட்டு, கூடுதல் எடைக்கு ஆன்லைனிலேயே பணம் கட்டிவிடுவது நல்லது. விமான நிலையத்தில் கட்டினால் கட்டணம் அதிகம். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்க வேண்டாம். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் எடுத்துவிடுவார்கள்.

இருக்கைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜன்னலோரம், முன்வரிசை, கால் நீட்ட இடம் உள்ள வரிசை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்க விதி அனுமதிக்கிறது. ஆனால் பயணி தானாக விரும்பிக் கேட்டால்தான் வாங்கலாம். இருக்கைப் படத்தைக் காட்டும் திரையில் ‘ஸ்கிப்’ என்ற சொல் ஓரத்தில் சிறியதாக இருக்கும். அதை அழுத்தினால் மேலே போகலாம். இருக்கை தேர்ந்தெடுக்காதவருக்கும் ஓர் இருக்கையை நிறுவனமே ஒதுக்கும். எந்த இடம் என்பது மட்டும் அவர்கள் விருப்பம். நிலையக் கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது.

பெயரும் ஜிஎஸ்டி எண்ணும்

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறார்கள். நமக்கோ இன்ஷியலும் ஒரு பெயரும்தான். அடையாள அட்டையில் உள்ளபடி, இன்ஷியலின் விரிவைக் கடைசிப் பெயராகப் போடுவது வழக்கம். வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எழுத்துப்பிழை கண்டால் அன்றே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நாள் கடந்தால் காசு கேட்பார்கள்.

தொழில் பயணம் என்றால் டிக்கெட் எடுக்கும் போதே கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்க வேண்டும். சாதாரண வகுப்புக் கட்டணத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. விலைப்பட்டியல் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்துவிட்டால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு கேட்டு அலைகிறார்கள். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்போருக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் இந்தக் கழிவு கிடையாது.

ரத்து செய்தால்

“பணம் திரும்பாது” என்று போட்ட சலுகை டிக்கெட்டிலும் திரும்பி வர வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அரசு வரிகளும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் பயணி போகாவிட்டால் திருப்பித் தரப்பட வேண்டும். விமானத்துக்கு வராமலே இருந்துவிட்டாலும் இது பொருந்தும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. முகவர் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. சில நூறு ரூபாய்தானே என்று கேட்காமல் விடுகிறவர்களே அதிகம். கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கே முறையிடுவது?

கடைசித் திரையில் கட்டணத்தைக் கூட்டுவது, கேட்காத காப்பீட்டைப் பட்டியலில் சேர்ப்பது, ‘இன்னும் இரண்டு இருக்கைதான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது போன்ற 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. காப்பீடு வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்தும் வாசகம் எழுதுவதும் அதில் அடங்கும்.

திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்ய வேண்டும். பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

நம் கடையில் ஒரு பாக்கெட்டில் அச்சிட்ட உச்ச விலைக்குள் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் நம் மீது வழக்கு வரும். அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வியாபாரம் செய்கிற நாம், பிறரிடம் வாங்கும்போதும் முழு விலையை முதலிலேயே கேட்க உரிமை உள்ளவர்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் அடக்கத்தைப் போட்டுப் பாருங்கள். கொள்முதலில் பேரம் பேசி மிச்சம் பிடித்த தொகை போகிற வழியிலேயே கரைந்துவிடாமல் இருக்கும்.