ஒரே டேக், அதன் பின்னால் ஓராண்டு

1956 மே 11, அக்டோபர் 26. மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழு இந்த இரண்டே நாட்களில் வாசித்ததிலிருந்து பிரெஸ்டீஜ் நிறுவனம் 'குக்கின்', 'ரிலாக்ஸின்', 'வொர்க்கின்', 'ஸ்டீமின்' என்று நான்கு இசைத்தட்டுகளை எடுத்தது. பெரும்பாலானவை ஒரே டேக், அதாவது ஒரே முறை வாசித்துப் பதிவானவை. ஜாஸ் ரசிகர்கள் இதை ஓர் அதிசயமாகவே சொல்லி வருகிறார்கள். அப்படிச் சொல்வது அந்த ஐந்து பேரின் உழைப்பை மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. அந்த இசை ஸ்டுடியோவில் பிறக்கவில்லை. 1955 இலையுதிர் காலத்திலிருந்து பால்டிமோர், டெட்ராய்ட், சிகாகோ என்று ஊர் ஊராகப் போய், ஓர் இரவுக்குப் பல செட் வாசித்த கிளப் மேடைகளில் அது பிறந்தது. இரண்டே நாட்களில் முடித்த அவசரத்துக்குக் காரணமும் இசை அல்ல, ஒப்பந்தம். 1955 நியூபோர்ட் ஜாஸ் விழாவுக்குப் பிறகு டேவிஸ் கொலம்பியா நிறுவனத்துக்குப் போக முடிவு செய்துவிட்டார்; அதற்கு முன் பிரெஸ்டீஜுக்குத் தர வேண்டிய தட்டுகளைத் தந்து கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. பிரெஸ்டீஜ் ஒத்திகைக்குப் பணம் செலவழிக்கும் நிறுவனமும் அல்ல. அதே காலத்து புளூ நோட் நிறுவனம், பதிவுக்கு முன் ஒத்திகை நாட்களுக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. பிரெஸ்டீஜுக்கு அந்தச் செலவு மிச்சமானது. இரவுகளின் ஒத்திகையை குழு இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்தது.

பதிவு நடந்த இடம் நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டருடைய பெற்றோரின் வீட்டு வரவேற்பறை. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்தவர் அவர். 'ரிலாக்ஸின்' தட்டில் அந்த அறையின் பேச்சும் அப்படியே இருக்கிறது. ஒரு பாட்டை முதலில் வாசிக்கிறேன், பெயரைப் பிறகு சொல்கிறேன் என்கிறார் டேவிஸ், விரலைச் சொடுக்குகிறார், ரெட் கார்லண்டின் பியானோ மணியோசை போலத் தொடங்குகிறது. இன்னொரு பாட்டில் கார்லண்ட் ஒற்றை ஸ்வரங்களில் ஆரம்பிக்க, டேவிஸ் சீட்டியடித்து நிறுத்துகிறார். இரண்டு கைகளும் சேர்ந்து இறங்கும் பிளாக் கார்டுகள் வேண்டும் என்கிறார். கார்லண்ட் ஒரு கேள்வியும் கேட்காமல் அடுத்த நொடியே புது முகப்பை வாசிக்கிறார், டிரம்பெட் உள்ளே நுழைகிறது. ஒரு சீட்டியும் ஒரு சொல்லும் போதுமாக இருந்தது என்றால், மீதியெல்லாம் முன்பே மேடையில் பேசி முடிக்கப்பட்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டு இதை மறுக்கிறதே என்று கேட்கலாம். 1959-ல் இரண்டு நாள் பதிவு. கலைஞர்களுக்குக் கையில் கிடைத்தவை வெறும் குறிப்புகள். ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள் யார்? சாக்ஸபோன் கலைஞர்கள் கோல்ட்ரேன், ஆடர்லி, பாஸ் கலைஞர் சேம்பர்ஸ் மூவரும் டேவிஸோடு ஊர் சுற்றியவர்கள். பியானோ கலைஞர் பில் எவான்ஸ் 1958-ல் பல மாதம் குழுவில் வாசித்து விலகி, இந்தப் பதிவுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவர். இதைவிட வலுவான மறுப்பு 1965-ல் இருக்கிறது. ஷார்ட்டர், ஹான்காக், கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் அடங்கிய டேவிஸின் இரண்டாம் ஐவர் குழு, ஜனவரியில் 'ஈ.எஸ்.பி.' தட்டுக்குப் புதுப் பாட்டுகளைப் பதிவு செய்தது; ஆனால் அந்த டிசம்பரில் சிகாகோவின் பிளக்ட் நிக்கல் கிளப்பில் பெரும்பாலும் பழைய பாட்டுகளையே வாசித்தது. மேடை வேறு, ஸ்டுடியோ வேறு என்றாகிவிட்டது. இதை ஒப்புக்கொள்கிறேன், அதனால் என் வாதத்தைச் சற்றே திருத்த வேண்டும். பயணம் பாட்டுகளைத் தயார் செய்து தருகிறது என்பது 1956-க்குத்தான் பொருந்தும். எப்போதும் அது தருவது காது. பழைய பாட்டுகளை இரவுதோறும் பிரித்துப் போட்டு வாசித்துப் பழகியவர்களால்தான், முன்பின் பார்க்காத பாட்டிலும் ஒருவர் போகும் திசையை மற்றவர் ஊகிக்க முடிந்தது.

பயணத்தை இப்படிப் புகழும்போது அதன் விலையை மறந்துவிடக் கூடாது. 1957-ல் ஹெராயின் பழக்கத்தால் கோல்ட்ரேனும் டிரம்மர் ஃபில்லி ஜோ ஜோன்ஸும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். தட்டுகளின் லாபத்தில் சேராத செலவு இது. அந்தக் கலைஞர்களின் உடம்பு கட்டிய செலவு. ஆனால் கோல்ட்ரேன் எப்படி மீண்டு எழுந்தார் என்று பாருங்கள். பழக்கத்தை விட்டார், நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் குழுவோடு மாதக்கணக்கில் இரவுதோறும் வாசித்தார். அந்தக் குழு ஸ்டுடியோவில் விட்டுச்சென்றது மிகக் கொஞ்சம். 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் அவர்கள் வாசித்த டேப் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து, 2005-ல்தான் கண்டெடுக்கப்பட்டது. மங்கின் கோணலான இடைவெளிகளுக்குள் கோல்ட்ரேன் சிறிதும் தயங்காமல் புகுந்து வெளிவருவதை அதில் கேட்கலாம்.